பழைய கிற்றாரும் மலிவு என்ற சொல்லும்

சந்தையிலே ஒரு பொருளைக் கையிலெடுக்கும் எவரும் முதலிற் கேட்பது, "என்ன விலை?" என்பதாகும். அதனைச் செய்தவர் யார், எந்நிலையிலிருந்து செய்தார், அவருக்குக் கிடைத்த கூலி யாது என்று எவரும் கேட்பதில்லை; கேட்டாலும் விடையளிக்க வணிகரால் இயலாது. பொருள் புதிதாயிருக்கும் வரை இக்கேள்விகள் அதன் மினுக்கத்தினுள் மறைந்து கிடக்கின்றன. அது பழுதடைந்து, நாம் அதனைத் திருத்த முற்படும்போதே மூடுண்டிருந்தவை ஒவ்வொன்றாக வெளித்தெரிகின்றன. அறுத்தவரின் கை, ஒட்டியவரின் கை, பாவித்தவரின் கை என்று பல கைகள் அதனுள் இருக்கக் காண்கின்றோம். மட்டக்களப்பிலே நாம் வாங்கித் திருத்துவித்த பழைய கிற்றார் ஒன்று இவ்வுண்மையை எமக்கு நன்கு விளக்கிற்று. அதனைப் பற்றி எழுதுவது வாத்தியமொன்றின் பெருமையைப் பேசுவதற்கன்று. மலிவு என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லின் உட்பொருளை ஆராய்வதற்கேயாம்.

எமது பாடசாலை வாவிக்கரையை அடுத்துள்ளது. மீன்பிடிப்போர், கூலிவேலை செய்வோர், மத்திய கிழக்கிலே வீட்டுப்பணி புரியும் தாய்மார் ஆகியோரின் பிள்ளைகளே அங்குப் பெரும்பாலும் பயில்கின்றனர். அவர்களுட் பத்தாம் வகுப்பு மாணவனொருவன், பலகைத் துண்டொன்றிலே ஆறு கோடுகளைக் கீறி, அவற்றின் மேல் விரல்வைத்துக் கிற்றார் பழகி வந்தான். கைப்பேசித் திரையிலே யாரோ ஒருவர் வாசித்துக் காட்டுவார். இவன் ஓசையில்லாத பலகையிலே அவ்விரல்நிலைகளைப் பின்பற்றுவான். அவனைப் பார்த்து வேறு சிலரும் பலகை தேடினர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே, ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலரின் பெறுமதி சில மாதங்களுள் 360 ரூபாவளவுக்கு உயர்ந்தது. கடல்கடந்து வரும் பொருள்களின் விலையெல்லாம் அதனோடு ஏறிற்று. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. புதிய கிற்றாரொன்றின் விலை அம்மாணவனின் தந்தைக்குப் பல வார உழைப்பாகும். ஆகவே ஆசிரியர் சிலர் சேர்ந்து பணம் திரட்டிப் பழையதொன்றைத் தேடத் தலைப்பட்டோம்.

பழைய சாமான் விற்கும் கடையொன்றில், உடைந்த தையல் இயந்திரங்களுக்கும் மின்விசிறிகளுக்கும் பின்னால் அது கிடைத்தது. கப்பலிலே சமையல் வேலை செய்த ஒருவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது என்றும், அவர் இறந்தபின் வீட்டார் விற்றுவிட்டனர் என்றும் கடைக்காரர் கூறினார். ஆறு தந்திகளுள் இரண்டே எஞ்சியிருந்தன. தந்திகளைத் தாங்கும் குதிரை மேற்பலகையை விட்டு அரைவாசி எழும்பிநிற்க, அதனை அடக்குவதற்கு யாரோ இரண்டு ஆணிகளை அடித்திருந்தனர். உள்ளே தட்டிப்பார்த்தபோது சட்டமொன்று ஒட்டு விட்டு அதிர்ந்தது. முறுக்காணிகள் துருவேறிச் சுழல மறுத்தன. எனினும் கழுத்து நேராயிருந்தது. மரத்தைக் கறையான் தொடவில்லை. 7,500 ரூபாவுக்கு அதனை வாங்கினோம்.

துளையினூடாகக் கைவிளக்கைப் பாய்ச்சிப் பார்த்தபோது சிவப்பு நிறச் சீட்டொன்று தெரிந்தது. யமஹா என்ற பெயரும், நிப்பன் காக்கி என்ற கம்பனிப் பெயரும், எஃப்.ஜீ. என்னும் இரண்டு எழுத்துக்களும் இருந்தன. அவற்றை அடுத்துள்ள எண்ணைப் பூச்சி அரித்திருந்தது. இச்சீட்டே எம்மை வரலாற்றுக்கு இட்டுச்சென்றது.

யமஹா என்பது இன்று உலகறிந்த பெயர். அதன் தொடக்கம் ஒரு பாடசாலையிலே நிகழ்ந்த திருத்தவேலை என்பதைப் பலர் அறியார். 1887ஆம் ஆண்டிலே, ஜப்பானின் ஹமமற்சு நகரத்து ஆரம்பப் பாடசாலையொன்றின் ஆர்மோனியம் போன்ற காற்று வாத்தியம் பழுதடைந்தபோது, ரொறகுசு யமஹா என்னும் கைவினைஞர் அதனைத் திருத்துவதற்கு அழைக்கப்பட்டார். திருத்தும்போதே அதன் அமைப்பைக் கற்றுக்கொண்ட அவர், தாமே ஒன்றைச் செய்ய முனைந்தார். 1897இல் அவரது முயற்சி நிப்பன் காக்கி என்னும் கம்பனியாயிற்று. இப்பெயர் 1987 வரை நிலைத்திருந்தது.

கம்பனிகள் தமது வரலாற்றை எழுதும்போது நிறுவியவரின் விடாமுயற்சியை விரிவாகப் பேசும். நாமோ அதே தொழிற்சாலையின் இன்னொரு பக்கத்தையும் நினைவுகூர வேண்டும். 1926ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே ஹமமற்சுத் தொழிற்சாலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 105 நாட்கள் அப்போராட்டம் நீடித்தது. அக்கால ஜப்பானின் இடதுசாரித் தொழிற்சங்கச் சம்மேளனம் அதற்குத் துணைநின்றது. இறுதியில் தொழிலாளர் தோல்வியுற்றனர், பலர் வேலையிழந்தனர். அதே 1926ஆம் ஆண்டில் ரோக்கியோவிலே நிகழ்ந்த அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை, அதிற் பங்குகொண்ட தொக்குனாகா சுனாவோ 1929இல் நாவலாக்கினார். 'சூரியனில்லாத தெரு' என்னும் அந்நூல் உலக முற்போக்கு இலக்கியத்தில் இடம்பெற்றது. இசைக்கருவி செய்தோரின் 105 நாட்களையோ, கருவியை வாசிப்போர் எவரும் அறியார். எமது கிற்றார் அவ்வேலைநிறுத்தத்துக்கு 40 ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. ஆயினும் சீட்டிலே கம்பனியின் பெயர் இருக்க, செய்தவரின் பெயர் இல்லாதிருக்கும் வழக்கம் 1926இலும் ஒன்றே, 1966இலும் ஒன்றே.

1966ஆம் ஆண்டிலேதான் எஃப்.ஜீ. வரிசைக் கிற்றார்கள் வெளிவரத் தொடங்கின. நாட்டார் பாடலும் எதிர்ப்புப் பாடலும் இளைஞரிடையே பரவிய காலம் அது. அமெரிக்காவின் சிறந்த கிற்றார்களை வாங்க இயலாதோருக்கென இவை குறைந்த விலையிற் செய்யப்பட்டன. விலை குறைந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஜப்பானியத் தொழிலாளரின் கூலி அக்காலத்தில் அமெரிக்கக் கூலியினும் மிகக் குறைவு. மற்றையது, மேற்பலகை தனிமரமாயன்றி ஒட்டுப்பலகையாயிருந்தமை. தனிமரம் மெல்லியதாய் அதிர்ந்து செழுமையான ஓசையைத் தரும்; ஒட்டுப்பலகையின் ஓசை சற்று அடங்கியது. ஆகவே ஒட்டுப்பலகை என்றதும் விற்பன்னர் முகஞ்சுளிப்பர். ஆனால் தனிமரம் ஈரத்திலும் வெயிலிலும் விரிந்து சுருங்கி வெடிக்கும். குறுக்கு மறுக்காக ஒட்டிய பலகை அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை. வாவிக் காற்றும் கச்சான் வெயிலும் மாறிமாறி அடிக்கும் மட்டக்களப்பிலே, குளிரூட்டிய அறையில்லாத வீட்டிலே, இக்கிற்றார் அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பிழைத்திருந்தமைக்கு அம்மலிவான பலகையே காரணம். ஏழையின் பொருள் ஏழையின் வீட்டிலே வாழத் தெரிந்திருக்க வேண்டும்.

1969ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே, நியூயோர்க் மாநிலத்து வூட்ஸ்ரொக் விழாவில் கன்றி ஜோ மக்டொனால்ட் என்னும் பாடகர் வியட்நாம் போருக்கெதிரான தமது பாடலைப் பெருந்திரளான மக்கள் முன் பாடினார். அவர் கையிலிருந்தது அவ்விடத்தில் அகப்பட்ட எஃப்.ஜீ. கிற்றாரொன்று, தோள்வாருக்குப் பதிலாக அதிற் கயிறொன்று கட்டப்பட்டிருந்தது. ஆசியாவின் ஒரு மூலையிலே குண்டு வீழ்வதை எதிர்த்த குரலுக்கு, ஆசியாவின் இன்னொரு மூலையிலே குறைந்த கூலிக்குச் செய்யப்பட்ட கருவி துணையாயிற்று. பொருள் ஒன்றின் பயன் அதன் விலையால் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

எமது கிற்றாரைத் திருத்துவதற்கு ஆள் தேடியபோது, அனைவரும் ஒரே பெரியவரையே சுட்டினர். அவர் தச்சர், மட்டக்களப்பின் பறங்கிய சமூகத்தைச் சேர்ந்தவர். 1628இலே போர்த்துக்கேயர் இங்குக் கோட்டை கட்டினர். 1638இலே ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சியாளர் போய்விட, அவர்வழி வந்த மக்கள் இம்மண்ணின் மக்களாயினர். தச்சு வேலை, இரும்பு வேலை, தையல், இயந்திரத் திருத்தம் என்பனவே அவர்களுட் பலருக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில்கள். வீட்டிலே முதியோர் சிலர் இன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பேசுவர். வெளியிலே எம்மைப் போலவே மட்டக்களப்புத் தமிழ் கதைப்பர். திருமண வீட்டிலே வயலினும் கிற்றாரும் இறபானும் ஒலிக்கக் கபரிஞ்ஞா ஆடுவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை டச்பார்க் கரையிலே இச்சமூகத்தவர் பலரைக் காவுகொண்டது. எஞ்சியோருள் இளைஞர் பலர் வெளிநாடு சென்றுவிட்டனர்.

பெரியவர் கிற்றாரை மடியிற் கிடத்தி, விரல்மொழியால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக் கேட்டார். "மரத்தில பழுதில்ல சேர். ஒட்டுத்தான் விட்டிருக்கு" என்றார். பின்னர் எம்முடன் வந்த மாணவரைப் பார்த்து, "பின்னேரத்தில வாங்க மக்காள், எல்லாரும் பாக்கலாம்" என்றார். அவ்வழைப்பே எமக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. ஆறு மாணவர் ஒன்பது பிற்பகல்கள் அவரது பட்டறைக்குச் சென்றனர், நாமும் சென்றோம்.

முதலில் ஆணிகளைப் பிடுங்கினார். சூடாக்கிய தட்டைக் கத்தியை மெல்ல நுழைத்துக் குதிரையை முழுவதும் கழற்றினார். பழைய பசையைச் சுரண்டி, மரத்தோடு மரம் ஒளி புகாமற் பொருந்தும்வரை அரத்தாளால் தேய்த்தார். ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையுடன் குதிரையை இழுக்கும். அஃதாவது வளர்ந்த மனிதனொருவன் இரவும் பகலும் அதிலே தொங்கிக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் அப்பொருத்தத்தில் மயிரிழை இடைவெளியும் ஆகாது. ஒட்டுவதற்கு அவர் பாவித்தது தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரம். அதனை நீரிலே ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டியினுள் வைத்த சிறு கிண்ணத்திலே உருக்கினார். கடையிலே விரைவாகக் காயும் பசைகள் பல இருக்க ஏன் இந்தச் சிரமம் என்று மாணவனொருவன் கேட்டான். "அதால ஒட்டினா பிறகு கழட்டேலா. இது சூடு காட்டினா விடும். நாளைக்குத் திருத்திறவனும் மனுசன்தானே" என்றார் பெரியவர்.

தமக்குப் பின் வரும் தொழிலாளியைத் தாம் அறியார். அவர் இன்னும் பிறக்காமலும் இருக்கலாம். அவருடைய வேலையை இலகுவாக்குவதற்காக இன்று தாம் கூடுதலாக உழைத்தார். திறக்கவியலாதவாறு மூடப்பட்டு, பழுதானால் எறியப்படுவதற்கென்றே செய்யப்படும் பொருள்கள் நிறைந்த காலத்தில், இவ்வொரு வாக்கியம் எமது சமூகக்கல்வி நூலின் ஓர் அத்தியாயத்துக்கு ஈடாகும்.

குதிரை காய்ந்தபின், துளையினூடாகக் கைவிட்டுத் தளர்ந்த சட்டத்தை ஒட்டினார். பன்னிரண்டாம் மெட்டிலே தந்தி 5 மில்லிமீற்றர் உயரத்தில் நின்றது. அவ்வுயரத்திற் சிறுவரின் விரல் நோகும். குதிரையிலிருந்த பிளாஸ்ரிக் துண்டை நீக்கி, இறைச்சிக் கடையிற் கிடைத்த மாட்டெலும்பை அவித்து, வெளுத்து, அராவி, அதனிடத்திற் பொருத்தி உயரத்தை 3 மில்லிமீற்றருக்குக் குறைத்தார். தேய்ந்த மெட்டுக்களை ஒரே மட்டத்துக்கு அராவும் வேலையை மாணவரிடமே ஒப்படைத்தார். முறுக்காணிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து அவர்களே சுழலச் செய்தனர்.

இவ்வேளையிலே எமது கணித ஆசிரியர் பட்டறைக்கு வந்தார். தந்தியின் நீளத்தை அளந்தபோது 634 மில்லிமீற்றர் இருந்தது. அதனை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டு நிற்கவேண்டிய தூரம் வரும் என்றார். மாணவர் வகுத்தனர், 35.6 வந்தது. அளந்தனர்; மெட்டு அங்கேயே நின்றது. பன்னிரண்டாம் மெட்டு சரியாக நடுவில், 317 மில்லிமீற்றரில் நின்றது. கரும்பலகையில் அஞ்சியோடிய எண்கள் இங்கே கைக்குள் வந்து நின்றன. காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், தமிழும் விஞ்ஞானமும் ஒருங்கே கற்று, மறைந்துபோன யாழினைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். தந்தியின் நீளத்துக்கும் சுரத்துக்குமுள்ள உறவை அளந்தறியும் மரபு இம்மாவட்டத்துக்குப் புதியதன்று. அம்மரபைப் பாடப்புத்தகத்திலே போற்றிவிட்டு, மரத்தையும் தந்தியையும் தொடுவோரைத் தாழ்வாக எண்ணுவது எத்துணை முரண்! எழுதுவோரை மேலாகவும் இழைப்போரைக் கீழாகவும் வைத்தது சாதியமைப்பு. அதனைச் சான்றிதழ்களின் பெயரால் இன்றும் காத்துவருகின்றது எமது கல்விமுறை.

கிற்றார் எமது பண்பாட்டுக்கு உரியதா என்று ஆசிரிய நண்பர் ஒருவர் ஐயுற்றார். வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே; பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பாலுசுவாமி தீட்சிதர் முதலியோர் அதனைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினர். இலங்கையிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப்பிசை கிற்றாரோடு வளர்ந்தது. ஒரு கருவி எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், யார் கையில் எதற்காக ஒலிக்கிறது என்பதே பண்பாட்டுக்குரிய கேள்வியாகும்.

வேலை முடிந்தது. பெரியவர் கேட்ட கூலி 4,000 ரூபா. மாணவர் அதனை ஏற்கவில்லை. ஒன்பது பிற்பகல்கள், ஒரு மேசனுக்கு அரைநாளுக்கு வழங்கும் கூலி எவ்வளவு என்று கணக்கிட்டனர். 16,000 ரூபா வந்தது. பெரியவர் மறுக்க மறுக்க அத்தொகையையே கொடுத்தோம். தனியார் வகுப்பு நடத்துவோர் கேட்கும் தொகையைப் பேரம் பேசாது செலுத்தும் நடுத்தர வர்க்கம், தச்சரிடமும் தையற்காரரிடமும் மட்டும் பேரம் பேசுகின்றது. புதிய தந்திக்கும் பிறவற்றுக்கும் 2,500 ரூபா ஆயிற்று. ஆக மொத்தம் 26,000 ரூபா.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டியவராயினோம். கடையிலுள்ள மலிவான புதிய கிற்றாரின் விலையும் ஏறத்தாழ அவ்வளவே. அப்படியாயின் பழையது வாங்கியதாற் கிடைத்த மலிவு எங்கே? அது மறைந்துவிட்டது, ஏனெனில் அது முதலிலிருந்தே பெரியவரின் கொடுக்கப்படாத கூலியாக மட்டுமே இருந்தது. அவருக்கு நியாயமாகக் கொடுத்தவுடன் மலிவும் போயிற்று. கடையிலுள்ள புதியது மலிவாயிருப்பதன் இரகசியமும் வேறன்று. அங்கே கூலி குறைக்கப்பட்டவரை நாம் காணவில்லை, அவ்வளவே. மலிவு என்பது பொருளின் குணமன்று. எங்கோ ஒருவர் விட்டுக்கொடுக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட பங்கு. ஆனாற் புதியதற்குக் கொடுக்கும் பணம் ஊரைவிட்டுப் போய்விடும். இப்பணமோ வாவிக்கரையிலேயே நின்றது. அதனோடு ஆறு பிள்ளைகளின் கைகளில் ஒரு தொழிலறிவும் தங்கிற்று.

இக்கதை இத்துடன் முடியவில்லை. மாணவர் அனுப்பிய புகைப்படத்தைக் கண்ட கொழும்பு அன்பரொருவர் 60,000 ரூபா தருவதாக அறிவித்தார். ஓசையைக் கேளாமலே அவர் விலை சொன்னார். சிவப்புச் சீட்டு ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது. குறைந்த விலைக்கென்று செய்யப்பட்ட பொருள் அரிதானதும் சேகரிப்போரின் பொருளாகிவிடுகின்றது. விற்றால் இரண்டு புதிய கிற்றார் வாங்கலாமே என்று மாணவர் சிலர் வாதித்தனர். அது இலேசாகத் தள்ளக்கூடிய வாதமன்று. ஒன்றினும் இரண்டிற் கூடுதலான பிள்ளைகள் பழகலாம். பெரியவரிடம் கேட்டோம். "வித்தாலும் எனக்குக் கவலையில்ல. ஆனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுவாரெண்டா குடுக்க வேணாம்" என்றார். அன்பரிடம் வினவியபோது, சுவரிலே மாட்டிவைப்பதாகவே கூறினார். மாணவர் கையுயர்த்தி வாக்களித்தனர். சிறு பெரும்பான்மையால், விற்பதில்லை என்று முடிவாயிற்று.

இன்று அக்கிற்றார் பாடசாலை நூலகத்திலே, புத்தகங்களைப் போலவே, பதிவேட்டிற் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லப்படுகின்றது. பலகையிலே பழகியவன் அதிற் சுருதி சேர்க்கின்றான். அவனிடம் வேறு நால்வர் பயில்கின்றனர். சிவப்புச் சீட்டுக்கு அருகிலே மாணவர் இன்னொரு சீட்டை ஒட்டியுள்ளனர். முதலிற் பெரியவரின் பெயரும், அதன்கீழ் ஆறு மாணவரின் பெயர்களும், திருத்திய ஆண்டும் அதில் உள்ளன. ஒட்டியது வச்சிரத்தாலேயே.

ஒரு கிற்றாரைத் திருத்தியதால் உலகம் திருந்திவிடாது. ஆயினும் எமது பாடசாலைக் களஞ்சியத்திலே உடைந்த வாங்குகளும் கதிரைகளும் இரண்டு தையல் இயந்திரங்களும் கிடக்கின்றன. இந்நாட்டிலே இத்தகைய களஞ்சியமில்லாத பாடசாலை ஏதுமுண்டோ? முதிய தொழிலாளரை உரிய கூலி கொடுத்து ஆசிரியராக அழைத்து, அவற்றைத் திருத்தும் பட்டறையொன்றைப் பாடநேரத்துள் அமைக்கவேண்டும் என்று கோரி அதிபருக்கும் வலயக் காரியாலயத்துக்கும் எழுதியுள்ளோம். விடை இன்னும் வரவில்லை. வரும்வரை, வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களிற் பெரியவர் வருகின்றார், வாங்குகளிலிருந்து தொடங்கியிருக்கின்றோம்.